ஐந்தை 229 ஆக்கும் வரி

புதுசாக வீடு கட்டினால் கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே கூப்பிடலாம். குடியிருப்பவர்களைக் காலி செய்யச் சொல்லாமல், ஓடுகிற ஃபேனைக்கூட நிறுத்தாமல், இருக்கிற வீட்டுக்கு அஸ்திவாரத்தை மட்டும் மாற்றிப் போட்டால் யாரைக் கூப்பிடுவது? வந்து பார்க்கிறவர், "ஒண்ணும் வித்தியாசமே தெரியலையே ஸார்" என்பார். வேலை செய்தவருக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் கிடையாது.

கம்ப்யூட்டர் ஆசாமிகள் இந்த வேலைக்கு 'ரீஃபாக்டரிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1999ல் மார்ட்டின் ஃபௌலர் என்பவர் இதே பெயரில் புத்தகமே எழுதினார். புரோகிராம் வெளியே என்ன செய்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். உள்ளே எழுதியிருக்கும் விதம் மட்டும் சீராக வேண்டும். திரையில் புதுப் பட்டன் எதுவும் முளைக்காது. வேகம்கூடக் கூடாமல் போகலாம். அடுத்து வந்து அந்தப் புரோகிராமில் கை வைக்கப் போகிறவர் மட்டும் மனசுக்குள் வாழ்த்துவார்.

இதிலேயே மிகவும் வில்லங்கமான ஒரு கிளை உண்டு. ஃபைல்களின் பெயர்களை டிஸ்க்கில் எழுதி வைத்து, கேட்கும்போது தேடிக் கொடுக்கிற பகுதியைச் சீர்செய்வது. பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் பி.காம். எனக்கே புரிந்த சமாசாரம்.

பி.காம். என்பதால் பேரேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். கனமான பேரேட்டின் முன்பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். இன்னார் கணக்கு, பக்கம் 47. அவ்வளவுதான். வரவும் செலவும் பாக்கியும் 47ஆம் பக்கத்தில் இருக்கும். அட்டவணையை எலி தின்றுவிட்டால் கணக்கு அழிந்துவிடாது. ஆனால் 600 பக்கத்தில் யார் கணக்கு எங்கே என்று தேடுவதற்குள் ஆடிட்டர் வந்துவிடுவார். டிஸ்க்கில் 'டைரக்டரி' (இப்போது ஃபோல்டர் என்கிறோம்) இந்த அட்டவணைதான். பெயர் இங்கே, பக்க எண் இங்கே, சரக்கு வேறெங்கோ.

அட்டவணையை எந்த மாதிரி எழுதுவது என்று ஆரம்பத்தில் ஒருத்தர் உட்கார்ந்து முடிவு செய்கிறார். பெயருக்கு இத்தனை கட்டம், எண்ணுக்கு இத்தனை கட்டம். அந்த நிமிஷத்திலிருந்து அது கல்வெட்டு. புரோகிராம் புரோகிராமர் மேஜையில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். டிஸ்க் யாரோ ஒருவர் வீட்டு பீரோவில், கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திருத்தி எழுத நமக்கு அதிகாரமில்லை. பத்து வருஷம் கழித்து அவர் எடுத்துச் செருகினாலும் படிக்க வேண்டும்.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பென்டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 'ஃபேட்' என்ற முறையில் எழுதப்பட்டிருந்தால், 1981ல் எம்.எஸ்.டாஸ் வந்தபோது போட்ட கட்டம்தான் இன்றைக்கும் அதில் இருக்கிறது. ஒரு ஃபைலுக்கு 32 பைட். அதில் பெயருக்கு 11: எட்டு எழுத்து, அப்புறம் ஒரு மூன்று எழுத்து வால். ஃபைல் எத்தனை பெரிசு என்று எழுத 4 பைட். நாலு பைட்டில் எழுத முடிகிற அதிகபட்ச எண் 4 ஜி.பி.க்கு ஒரு பைட் குறைவு. முழு நீளப் படத்தைப் பென்டிரைவில் ஏற்றப் போய், நிறைய இடம் இருக்கும்போதே 'ஃபைல் பெரிது' என்று அது முரண்டு பிடித்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். அந்த நாலு கட்டத்தின் வேலைதான் அது. ஃபிளாப்பி காலத்தில் 4 ஜி.பி.யில் ஒரு ஃபைல் வரும் என்று சொல்லியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள்.

இதே முறையில் ஒரு ஃபைலை அழித்தால் என்ன நடக்கிறது தெரியுமா? பெயரின் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 229 என்ற எண்ணைப் போடுகிறார்கள். 'இந்த வரி காலி' என்று அர்த்தம். மற்ற எழுத்துக்களெல்லாம் அப்படியே இருக்கும். (1991ல் வந்த டாஸ் 5ல் அழித்த ஃபைலை மீட்கும் கட்டளை ஒன்று இருந்தது. மீட்டுத் தருகிறேன், முதல் எழுத்து என்ன, சொல்லு என்று நம்மையே கேட்கும். காரணம் இதுதான்.)

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஜப்பான்காரர்கள் டாஸ் வாங்கும் வரை. ஜப்பானிய எழுத்துக்களுக்கு அவர்கள் வைத்திருந்த முறையில் 229 என்பது முறையான ஒரு எண். பல எழுத்துக்கள் அந்த எண்ணில்தான் ஆரம்பிக்கும். ஆசையாகப் பெயர் வைத்து ஃபைலைச் சேமித்தால், 'இது அழிக்கப்பட்ட ஃபைல்' என்று டாஸ் கண்டுகொள்ளாமல் போய்விடும். எழுதிய கட்டத்தை இனி மாற்ற முடியாது. ஆகவே ஒரு ஒட்டுப் போட்டார்கள்: பெயர் 229ல் ஆரம்பித்தால் டிஸ்க்கில் 5 என்று எழுது, படிக்கும்போது முதல் எண் 5 என்று இருந்தால் 229 என்று எடுத்துக்கொள்.

இந்த ஒரு வரியில்தான் என் காலேஜ் நண்பன் மாட்டிக்கொண்டான்.

அவன் வேலை பார்க்கும் கம்பெனி கேமராக்களோடு இணைக்கிற ரிக்கார்டர் பெட்டி செய்கிறது. பதிவுகள் மெமரி கார்டில் போகும், கார்டு ஃபேட். புரோகிராம் பல வருஷம் பழசு, பல கை மாறியது. டைரக்டரியைப் படிக்கிற வேலை அதில் ஏழு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. தேடுவதற்கு ஒன்று, அழிப்பதற்கு ஒன்று, பட்டியல் காட்ட ஒன்று என்று ஆளாளுக்கு வந்து சமையலறையில் தனித்தனியாக அடுப்பு மூட்டின மாதிரி. ஏழையும் ஒரே அடுப்பாக்கு என்று நண்பனிடம் கொடுத்தார்கள்.

ஏழில் ஆறு இடத்தில் 'முதல் எண் 5 என்றால் 229 ஆக்கு' என்ற வரி இருந்தது. பக்கத்தில் ஒரு விளக்கமும் இல்லை. ஏழாவது இடத்தில் வரியே இல்லை. ஜப்பான் கதை எதுவும் தெரியாமல் அதைப் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? யாரோ தூக்கக் கலக்கத்தில் எழுதியதை ஐந்து பேர் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார்கள் என்றுதானே?

"அழிக்கலாம்னு கை வெச்சுட்டேன்டா" என்றான். "எங்க டீம்ல ஒரு மேடம் இருக்காங்க, ரிட்டயர்மென்ட் பக்கம். சும்மா ஒரு வார்த்தை கேட்டேன். 'அதைத் தொட்டுடாதேப்பா, அதுக்குப் பின்னாடி ஒரு தேசமே இருக்கு'ன்னாங்க."

சரி, வரி இருக்கட்டும். ஏழாவது இடத்தை என்ன செய்வது? அங்கேயும் சேர்த்துவிட்டால் அது ரீஃபாக்டரிங் இல்லை, பழுது பார்ப்பது. வெளியே தெரிகிற நடத்தை மாறுகிறது. இதில் இந்தத் தொழில்காரர்கள் ரொம்ப ஆசாரம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டமாட்டார்கள். முதலில் ஏழையும் ஒன்றாக்கு, ஏழாவதின் கோளாறையும் சேர்த்துத் தனி அடையாளத்தோடு காப்பாற்று. அப்புறம் தனியாக ஒரு மாற்றத்தில் கோளாறைச் சரிசெய், காரணத்தையும் எழுதி வை. நாளைக்கு ஏதாவது உடைந்தால், இடமாற்றத்தில் உடைந்ததா, வைத்தியத்தில் உடைந்ததா என்று தெரிய வேண்டுமே. கோளாறைக்கூட ஜாக்கிரதையாகத் தூக்கிப் புது வீட்டில் வைக்கிற தொழில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றும் மாறவில்லை என்று எப்படி உறுதி செய்வது? பழைய கார்டுகளை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பழைய புரோகிராமையும் புதிய புரோகிராமையும் ஒவ்வொன்றின் மேலும் ஓடவிட்டு, வருகிற விடைகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார்கள். எல்லாம் சரியாக வந்தது என்று அவன் சொன்னபோது எனக்குள் இருந்த காமர்ஸ் ஆசாமி விழித்துக்கொண்டான். ட்ரயல் பேலன்ஸ் டாலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதினாலும் டாலி ஆகும். எழுதவே மறந்துபோனாலும் டாலி ஆகும். "உன் பிரதிகள்ல ஜப்பானியப் பேர் உள்ள கார்டு இருக்கா?" என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. அதாவது அந்த வரியை அவன் அழித்திருந்தாலும் எல்லாப் பரீட்சையும் பாஸாகியிருக்கும். கம்பெனியின் பெட்டி ஒசாகாவில் எங்கோ ஒரு கடையில் மாட்டப்பட்டு, 'அந்த ராத்திரிப் பதிவைக் காட்டு' என்று போலீஸ் கேட்கிற அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம் அவனே உட்கார்ந்து அப்படிப் பெயருள்ள ஒரு கார்டைச் செயற்கையாகத் தயாரித்துப் பரீட்சைக் கட்டில் சேர்த்தான். மூன்று மாசம் வேலை. வருஷக் கடைசி மதிப்பீட்டில் மேலதிகாரி கேட்டாராம்: "கஸ்டமருக்குக் கண்ணுக்குத் தெரியறா மாதிரி என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் தெரியாது ஸார். தெரியக்கூடாது."

'எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்தார்' என்று போட்டுவிட்டார்கள். ஆபீஸில் குப்பை கொட்டுகிற உங்களுக்கு அதற்கு எத்தனை பர்ஸன்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. அதே டீமில் ஒரு ஆள் புதுசாக ஒரு கலர் மெனு போட்டிருந்தார். அவருக்குக் கேடயம்.

ஏழு அடுப்பு வில்லங்கம் இன்று நேற்று வந்ததில்லை. பெரியவர்கள் வீட்டிலேயே இருந்தது. அமெரிக்காவில் பெல் லேபில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸில், 1979ல் வந்த ஏழாம் பதிப்பு வரைக்கும் டைரக்டரிக் கட்டம் ரொம்ப எளிமை. ஒரு வரிக்கு 16 பைட். பக்க எண்ணுக்கு 2, பெயருக்கு 14. பக்க எண் பூஜ்யம் என்றால் காலி வரி. ஒரு குழந்தைகூடப் படித்துவிடலாம், அதுதான் சங்கடம். எளிமையாக இருந்ததால் ஃபைல் பட்டியல் காட்டுகிற 'எல்.எஸ்.' உள்பட ஆளாளுக்கு நேரே டைரக்டரியைத் திறந்து, பதினாறு பதினாறாக வெட்டிப் படித்துக்கொண்டார்கள். அட்டவணையின் அமைப்பு அத்தனை புரோகிராம்களுக்கும் மனப்பாடம்.

பதினாலு எழுத்து போதவில்லை. (இன்றைய யூனிகோடில், யூ.டி.எஃப்-8 முறைப்படி 'தமிழ்' என்று எழுத 15 பைட் வேண்டும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி, தலைக்கு மூன்று. ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் நம் மொழியின் பெயரில் ஒரு ஃபைல் வைக்க ஒரே ஒரு பைட் குறைகிறது. என்ன செய்ய, நமக்கு எதிலும் கடைசி ஸீட்டு கிடைப்பதில்லை.)

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1983ல் வந்த 4.2 பி.எஸ்.டி.யில் டிஸ்க் அமைப்பையே புதுசாகப் போட்டார்கள். கிர்க் மெக்குஸிக், பில் ஜாய், ஸாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபேப்ரி என்று நால்வர். பெயர் 255 வரை போகலாம். வரிகள் ஒரே நீளமில்லை. ஒவ்வொரு வரியும் 'நான் இத்தனை நீளம்' என்று தானே சொல்லிக்கொள்ளும். ஒரு பெயரை அழித்தால் முந்தின வரி தன் நீளத்தைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்தை விழுங்கிவிடும். பக்கத்து மனை காலியானதும் வேலியை நகர்த்தி வைத்துக்கொள்கிற நம்மூர் பழக்கம்தான்.

ஆனால் பதினாறு பதினாறாக வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் இனி குப்பையைப் படிப்பார்களே? இங்கேதான் அவர்கள் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'ஓபன்டிர்', 'ரீட்டிர்' என்று சில சின்ன ரூட்டீன்களை எழுதினார்கள். டைரக்டரி வேண்டுமா, அதைக் கேள். அது ஒவ்வொரு பெயராக எடுத்துக் கொடுக்கும். நீயாக உள்ளே கை விடாதே. அந்த ரூட்டீன்களைப் பழைய டிஸ்க் அமைப்பிலும் ஓடும்படி கொடுத்தார்கள். ஆக, புது அமைப்பு வருவதற்கு முன்னாலேயே புரோகிராமை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. முதலில் எல்லோரையும் ஜன்னலிலிருந்து இறக்கி வாசல் வழியாக வரவைப்பது, அப்புறம் வீட்டை மாற்றுவது.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு எழுதப்படுகிற யூனிக்ஸ், லினக்ஸ் புரோகிராம்களும் அதே வாசல் வழியாகத்தான் போகின்றன. உள்ளே டிஸ்க் அமைப்பு எத்தனையோ தடவை மாறிவிட்டது. கேட்கிறவருக்குத் தெரியாது.

மைக்ரோசாஃப்டுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. டிஸ்க்கை நேரே வெட்டிப் படிக்கிற டாஸ் புரோகிராம்கள் உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தன. அவற்றைக் கூப்பிட்டு வாசல் வழியாக வாருங்கள் என்று சொல்ல வழியில்லை. 1995ல் விண்டோஸ் 95ஐ வெளியிடும்போது நீளப் பெயர் வேண்டும். பழைய புரோகிராம்களும் ஓட வேண்டும். என்ன செய்தார்கள்? மாறுவேஷம் போட்டார்கள்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் பழையபடி எட்டு எழுத்துப் பெயரில் ஒரு வரி. அதற்கு முன்னால், நீளப் பெயரைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்துத் துண்டுகளாக நறுக்கி, கடைசித் துண்டு முதலில் வரும்படி தலைகீழாக, அதே 32 பைட் வரிகளில் ஒளித்தார்கள். முப்பது எழுத்துப் பெயர் என்றால் மூன்று மாறுவேஷ வரி, ஒரு நிஜ வரி. மாறுவேஷ வரியில் 'படிக்க மட்டும்', 'மறைவானது', 'சிஸ்டம்', 'டிஸ்க்கின் பெயர்' என்ற நாலு முத்திரையையும் ஒன்றாகக் குத்தினார்கள். நிஜ ஃபைல் எதற்கும் இந்த நாலும் சேர்ந்து வராது. பழைய டாஸ் அதைப் பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று தாண்டிப் போய்விடும். பக்க எண் இருக்க வேண்டிய கட்டத்தில் பூஜ்யம், ஏதாவது பழைய ரிப்பேர் புரோகிராம் கை வைத்தாலும் விபரீதம் நடக்காதபடி. பழைய டாஸில் போய் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டால்? ஒவ்வொரு மாறுவேஷ வரியிலும் குட்டைப் பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. அது ஒத்துப்போகாவிட்டால் 'இது அநாதை வரி' என்று விண்டோஸ் தெரிந்துகொள்ளும்.

குட்டைப் பெயர் செய்கிற விதத்தில்தான் கொஞ்சம் தமாஷ். 'மனைவிக்குக் கடிதம்' என்று ஆங்கில எழுத்தில் ஆசையாகப் பெயர் வைத்தால், முதல் ஆறு எழுத்தை எடுத்து, ஒரு அலைக்குறி போட்டு, 'மனைவ்~1' என்று வைத்துக்கொள்ளும். ஒன்று என்று ஏன் போட்டிருக்கிறது, இரண்டு எங்கே என்று வீட்டில் யாராவது கேட்டால் மைக்ரோசாஃப்ட் வந்து பதில் சொல்லாது.

இந்த மாறுவேஷத்துக்குப் பேடன்ட்டும் வாங்கினார்கள். 2009ல் டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவிக் கம்பெனி மேல் மைக்ரோசாஃப்ட் போட்ட வழக்கில் இந்தப் பேடன்ட்களும் இருந்தன. சமரசத்தில் முடிந்தது. சாமர்த்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெர்க்லிக்காரர்கள் வழிதான் எனக்குப் பிடித்த கட்சி. மாறுவேஷத்தின் செலவை அதற்கப்புறம் ஃபேட் கார்டு படிக்க எழுதப்பட்ட ஒவ்வொரு புரோகிராமும் கட்டிக்கொண்டிருக்கிறது, என் நண்பனின் ஏழு அடுப்பு உள்பட.

கட்டம் மாறாமல் புரோகிராம் மட்டும் இரண்டு தடவை தலைகீழாகப் புரண்ட கதை ஒன்றும் சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்.எஃப்.எஸ். என்று ஒரு அமைப்பு. சிலிக்கன் கிராஃபிக்ஸ் கம்பெனி தன் பெரிய மெஷின்களுக்காக உருவாக்கி 1994ல் வெளியிட்டது. பிறகு லினக்ஸுக்கு வந்தது. இன்றைக்கு ஏகப்பட்ட ஸர்வர்களில் இருக்கிறது. இதில் டைரக்டரி வளர வளர வடிவம் மாறும். நாலைந்து பெயர் என்றால் சட்டைப் பை டைரி மாதிரி சின்ன இடத்திலேயே செருகிக்கொள்ளும். கூடினால் ஒரு முழு பிளாக். இன்னும் கூடினால் தேடுவதற்குத் தனிக் குறிப்பு, அதற்கு மேல் குறிப்புக்குக் குறிப்பு. 2013ல் ஒவ்வொரு பிளாக்கிலும் சரிபார்ப்பு எண் சேர்த்துப் புதிய கட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். டிஸ்க் தானாகக் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பதற்கு. பெயர்கள் இருக்கும் பிளாக்கின் தலைப்பு 16 பைட்டாக இருந்தது, 64 ஆயிற்று. பழைய டிஸ்க்கில் பதினாறுக்கு அப்புறம் பெயர்கள். புதுசில் அறுபத்து நாலுக்கு அப்புறம். மாற்றிப் படித்தால் முதல் பெயரே கோவிந்தா.

ஆகவே புரோகிராம் முழுக்க, 'இது பழசா, புதுசா?' என்ற கேள்வி. ஒரு பெயரைத் தேடிக் கொடுப்பதற்குள் பல தடவை அதே கேள்வி. ரேஷன் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் கார்டைக் காட்டச் சொன்னால் எப்படி? டேவ் சின்னர் என்பவர் 2013ல் இதைச் சீர்செய்தார். வாசலிலேயே ஒரே ஒரு தடவை கேட்டு, பழசுக்கு ஒரு விலாசப் பட்டியல், புதுசுக்கு ஒரு விலாசப் பட்டியல், இடைப்பட்ட ரகத்துக்கு ஒன்று என்று மூன்றில் எது பொருந்துமோ அதைக் கையில் கொடுத்துவிடுவது. 'தலைப்பு எங்கே முடிகிறது?' என்று தெரிய வேண்டுமானால் பட்டியலில் உள்ள விலாசத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுமார் நாலு வருஷம் நன்றாக ஓடியது. 2018 ஜனவரியில் 'ஸ்பெக்டர்' என்ற பிராஸஸர் ஓட்டை வெளிவந்தது. அதை அடைக்கப் போட்ட தாழ்ப்பாளால், இப்படி விலாசம் பார்த்துப் போய்க் கேட்கிற காரியம் முன்னைவிடச் செலவாகிவிட்டது. 2019ல் கிறிஸ்டோஃப் ஹெல்விக் என்பவர் அந்தப் பட்டியல் முறையையே அக்கக்காகக் கழற்றி எடுத்தார். பாதி விஷயங்கள் வெறும் எண்கள்தான். 16 அல்லது 64. டிஸ்க்கை இணைக்கும்போதே கணக்கிட்டு ஒரு அட்டையில் எழுதிவைத்தால் போதும். மீதிக்கு, தலைப்பைப் படித்த உடனே, பழசோ புதுசோ, மெமரியில் ஒரே மாதிரியான ஒரு பாரத்துக்கு மாற்றிவிடுவது. அதற்கப்புறம் உள்ளே யாரும் கேள்வி கேட்பதில்லை.

அப்படியானால் 2013ல் செய்தது வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. அங்கங்கே சிதறிக் கிடந்த வித்தியாசங்களை அவர் ஓரிடத்தில் பட்டியலாகக் கொண்டுவந்து வைத்ததால்தான், அட, இதில் பாதி வெறும் எண்கள்தானே என்று அடுத்தவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். பீரோவில் இருப்பதையெல்லாம் இழுத்துக் கட்டிலில் போட்ட பிறகுதான் எத்தனை பழைய சட்டை இருக்கிறது என்று தெரிகிறது இல்லையா, அது மாதிரி. இத்தனையும் நடந்தபோது உலகத்தில் எந்த டிஸ்க்கிலும் இதற்காக ஒரு பைட்கூட மாறவில்லை. ஸர்வர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க நிற்கிறவருக்கு எங்கே தெரியப் போகிறது?

ஆனால் இரண்டு கட்டங்களையும் ஆயுசுக்கும் சுமக்க முடியாது என்று 2020ல் முடிவு செய்தார்கள். சரிபார்ப்பு எண் இல்லாத பழைய கட்டத்தை 2025 செப்டம்பரிலிருந்து விரும்பிக் கேட்டால் மட்டும் தருவது, 2030 செப்டம்பரில் அடியோடு எடுத்துவிடுவது என்று அப்போதே தேதி குறித்துவிட்டார்கள். பத்து வருஷ நோட்டீஸ். சென்னையில் எந்த வீட்டுக்காரராவது இப்படிக் கொடுத்ததுண்டா?

உங்கள் ஆபீஸ் பரணில் பழைய லினக்ஸ் ஸர்வர் ஏதாவது தூசியோடு ஓடிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் பையனிடம் 'எக்ஸ்.எஃப்.எஸ். இன்ஃபோ' என்ற கட்டளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிற வரிகளில் 'சி.ஆர்.சி.' என்ற இடத்தில் 1 என்று இருந்தால் புது கட்டம், கவலையில்லை. 0 என்று இருந்தால் பழசு. அதைப் புதுசாக மாற்றுகிற மந்திரம் எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, புதுசாக ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு சனிக்கிழமை ராத்திரி போதும். பையனுக்கு டிபன் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.